ரோஜாப்பூ போட்ட கப்புகள்

இப்போதெல்லாம் பழசு எதைக் கண்டாலும் 'வின்டேஜ்' என்கிறார்கள். நம் வயதுக்காரர்களை மட்டும் இன்னும் யாரும் அப்படிச் சொல்லக் காணோம். நாம் வெறும் பழசுதான்.

போன மழைக்காலத்தில் என் மகள் என்னை ஓசூரில் ஒரு காபிக் கடைக்குக் கூட்டிப்போனாள். அவளுக்கு அங்கே ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை. ஷிஃப்ட் முடிந்த பிள்ளைகள் கழுத்தில் அட்டையோடு வந்து உட்காருகிற கடை அது. சுவர் முழுக்க ஓடாத கடிகாரம், பாடாத ரேடியோ, எரியாத அரிக்கேன் விளக்கு. நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே விளக்குப் போட்டு நான்கு கப்பு சாஸர் வைத்திருந்தார்கள். ரோஜாப்பூ போட்ட, விளிம்பில் தங்கக் கோடு ஓடிய மெல்லிசுக் கப்புகள். ஒன்றுக்குக் காது உடைந்து ஒட்டியிருந்தது, ஒட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு தழும்பு. அந்தக் காதை ஒட்டியது என் அத்தா, என் அப்பா.

கப்புகளுக்குக் கீழே ஓர் அட்டை: 'எங்கள் தாத்தாவின் ஓட்டலில் சிறப்பு விருந்தினர்களுக்கு மட்டும்.'

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன். அதற்குள் மகள் போட்டோ எடுத்துவிட்டாள். "எவ்ளோ அழகா இருக்குல்லம்மா?" என்றாள். அழகுக்கு என்ன குறை. அழகாகத்தான் இருந்தது அப்போதும்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பெங்களூர் ரோடு அன்றைக்கு எதிரும் புதிருமாக இரண்டு லாரி வந்தால் ஒன்று மண்ணில் இறங்குகிற அகலம்தான். ஓசூர்ப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்திருந்தன. மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து ஆட்கள் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். ஆள் வந்தால் ஓட்டல் வரும், ஓட்டல் வந்தால் கப்பு வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை ரோட்டோர ஓட்டல்களில் பாதிக்கு மேல் பீங்கான் சாமான் போட்டது எங்கள் அத்தாதான். குருபரப்பள்ளியில் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு.

வீடு என்று பேர்தானே தவிர, முன்பக்கம் முழுக்கக் குடோன். பெங்களூரிலிருந்து மரப்பெட்டிகள் வரும். ஆணியைப் பிடுங்கி மூடியைத் திறந்தால் வைக்கோல் வாசம் வீடெல்லாம் பரவும், எல்லோரும் தும்முவோம். வைக்கோலுக்குள் கை விட்டால் சில்லென்று கப்பு தட்டுப்படும். ஓட்டல் கப்பு தெரியுமில்லையா, உதடு தடித்து, கையில் கனத்து, விளிம்புக்குக் கீழே பச்சைக் கோடும் வயிற்றில் ஓட்டல் பேரும் சுட்டு வந்திருக்கும். அத்தா ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்பார். நல்லது 'ணங்' என்னும். உள்ளே கீறல் விழுந்தது 'டொக்' என்னும். டொக் எல்லாம் எங்கள் அடுப்படிக்கு வந்து சேரும். ஓட்டல் பேர் கோணலாக விழுந்த தட்டுகளும் அங்கேதான். அதனால் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு ஓட்டலில் சாப்பிட்டோம். அக்கா ஒரு பவனில், நான் ஒரு விலாஸில்.

அத்தாவுக்குப் பீங்கான் என்றால் தொழில் மட்டுமில்லை, கிட்டத்தட்ட மார்க்கம் மாதிரி. "பித்தளை களிம்பு புடிக்கும், அலுமினியம் கறுக்கும். பீங்கான் எதையும் உள்ள வாங்காது புள்ள. கழுவி வச்சா புதுசு" என்பார். உலகத்திலேயே சுத்தமான பாத்திரம் அதுதான் என்று அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கவிழ்த்தது.

ரோஜாப்பூக் கப்புகள் அவர் விற்க வாங்கியவை இல்லை. பெங்களூர் கன்டோன்மென்டில் வெள்ளைக்காரன் காலத்து ஓட்டல் ஒன்றை இழுத்து மூடி, சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் கட்டில், பீரோ என்று பாய, அத்தா இந்த ஒரு டஜன் கப்பு சாஸரை எடுத்துக்கொண்டு வந்தார். அடியில் கிரீடம் போட்டு இங்கிலீஷில் ஏதோ முத்திரை. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரல் நிழலாடும். கப்பலேறி வந்து, துரைமாரும் துரைசானிமாரும் குடித்து, கடைசியில் எங்கள் வைக்கோலுக்குள் வந்து படுத்தன. அம்மா அவற்றை ஒரு பழைய சேலையில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அக்கா கல்யாணத்துக்குச் சீர் என்று அவள் கணக்கு.

அந்த வருஷம்தான் ஓட்டல் மாமா எங்கள் ஊர் ரோட்டில் புதிதாக சைவ ஓட்டல் திறந்தார். சொந்த மாமா இல்லை. அத்தாவின் கூட்டாளி, அதனால் எங்களுக்கு மாமா. வெளுத்த சட்டை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம், வாய் நிறையச் சிரிப்பு. லாரிக்காரர்களிடம் கன்னடம் பேசுவார், தக்காளி வியாபாரிகளிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கடை திறப்பு அன்று அத்தா அம்மாவைக் கேட்காமல் தகரப் பெட்டியைத் திறந்து, அந்த டஜனையும் எடுத்துப் போய் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

"பொண்ணுக்குன்னு வச்சத என்னாத்துக்கு ஊரான் கையில குடுத்துட்டு வந்தீங்க?" என்றாள் அம்மா.

"அவரு ஊரான் இல்ல."

"பின்ன யாரு?"

அத்தா தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுகைக்குப் போய்விட்டார்.

அந்தக் கோடையில் ஜும்மா முடிந்ததும் அத்தா என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்து ஓட்டல் மாமா கடைக்குக் கூட்டிப்போவார். "வாங்க பாய், உங்களுக்குன்னு காத்தோட்டமான இடம்" என்று ஜன்னலோர மேசையைக் காட்டுவார் மாமா. இலையில் மசால் தோசை வரும். அப்புறம் காபி. மற்ற மேசைகளில் எல்லாம் டபரா டம்ளர். எங்களுக்கு மட்டும் ரோஜாப்பூக் கப்பு. ஊரே பித்தளையில் குடிக்க, நானும் என் அத்தாவும் மட்டும் துரைமார் கப்பில் குடித்தோம். ஒருநாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் அம்மாவோடு பக்கத்து மேசையில் இருந்தாள். அவள் பார்க்கட்டும் என்று கப்பை உயரத் தூக்கிக் குடித்தேன். அவள் அம்மா அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். காபி ஆறும்வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா அந்தக் கடைக்கு ஒரே ஒரு தடவை வந்தாள். அக்காவுக்கு மாப்பிள்ளை முடிவாகி, கிருஷ்ணகிரியில் ஜவுளி எடுத்துவிட்டு பஸ்ஸில் இறங்கிய மத்தியானம். வெயிலில் எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. கடைக்கார ஆள் எங்களுக்கு ரோஜாப்பூக் கப்புகளைக் கொண்டு வந்து வைத்தான். அம்மா அதைப் பார்த்தாள். பக்கத்து மேசையையும் பார்த்தாள்.

"எனக்கு டம்ளர்ல குடுப்பா" என்றாள்.

அவன் கல்லாப் பக்கம் திரும்பினான். ஓட்டல் மாமா சிரித்தார். "தங்கச்சி, டம்ளரு எல்லாருக்கும் குடுக்கறதுதானே. உங்களுக்கு நல்லதுல குடுக்கச் சொல்லியிருக்கிறன்."

அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, "தாகமில்லீங்க" என்றாள். அவள் கப்பில் ஏடு கட்டியது. கடைசிவரை தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தா குதித்த குதி கொஞ்சமல்ல. மரியாதை தெரியாதவள், நாலு பேர் நடுவில் மானத்தை வாங்கிவிட்டாள் என்றெல்லாம் பேசினார். நாங்களும் அத்தா பக்கம்தான். சீர்க் கப்பு போன கோபத்தில் அம்மா இப்படிச் செய்கிறாள் என்று அக்காகூடச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒரு கப்பின் காது உடைந்து, ஒட்டித் தரச் சொல்லி ஓட்டலிலிருந்து வந்தது. அத்தா ஏதோ பசையைக் குழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். உடைந்த காதில் ஒரு சணல் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. அம்மா அதை அவிழ்த்து விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"கப்புக்கு எதுக்குங்க கவுறு?"

"மாட்டி வைக்கத்தான். ஒடையற பொருளு" என்றார் அத்தா.

அம்மா அந்தக் கயிற்றை அடுப்பில் போட்டாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது அன்றைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கல்யாணம் மாம்பழ சீசனில். அத்தாவுக்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிக்கூடக் கவலை இல்லை. ஓட்டல் மாமாவும் ரோட்டோர சைவ ஓட்டல்காரர்களும் நம் வீட்டில் கை நனைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அவர்கள் சாப்பிடுவார்கள் என்று ஜமாத்தில் நாலு பேரிடம் சவால் மாதிரிச் சொல்லியும் வைத்திருந்தார். "வந்து தலையக் காட்டிட்டுப் போவாங்க பாய், அவ்ளோதான்" என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அத்தாவின் மொத்த மானமும் அந்தப் பந்தியில் போய் நின்றுவிட்டது.

ராயக்கோட்டையிலிருந்து ஒரு சைவச் சமையல்காரரைக் கூட்டி வந்தார். பிரியாணி அடுப்புக்கும் அவர் அடுப்புக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கும்படி, பக்கத்து மாந்தோப்பில் தனிக் கொட்டகை. அண்டா, கரண்டி, தண்ணீர்க் குடம் எல்லாம் அந்தச் சமையல்காரர் கொண்டு வந்ததே. தட்டு மட்டும் அத்தா ஏற்பாடு. பெங்களூருக்குத் தானே போய், பச்சைக் கோடு போட்ட புத்தம்புதுத் தட்டுகள் ஒரு பெட்டி. வீட்டுக்குள் கொண்டு வரவில்லை, அம்மாவைத் தொடவும் விடவில்லை. கொட்டகையிலேயே ஆணி அடித்தபடி வைத்திருந்தார்.

"இலை போட்டுடலாமே பாய்" என்றார் சமையல்காரர்.

"இலை எல்லாரும் போடறது. அவங்க வேற" என்றார் அத்தா.

ஓட்டல் மாமா மாலையோடு வந்தார். கூட ஐந்தாறு பேர். அத்தா அவர்களைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பிறகு அவர்கள் கண் முன்னாலேயே ஆணியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்தார். வைக்கோலுக்குள் கைவிட்டு ஒரு தட்டை எடுத்தார். இதுவரை ஒரு வாய் படாத, ஒரு கை படாத தட்டு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். விரலால் சுண்டினார். ணங். அடுத்ததை எடுத்தார். அதையும் சுண்டினார். கல்யாணச் சட்டையெல்லாம் வைக்கோல் தூசி. முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். நான் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டுகளை வரிசையாக வைத்து முடித்ததும் ஓட்டல் மாமா எழுந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாய், தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னிக்கு நான் ஒருபொழுது." இன்னொருவருக்கு வயிறு சரியில்லை. இன்னொருவர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாராம். ஆளுக்கொரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றார்கள். சோடா உடைத்துக் கொடுத்தபோது அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார்கள். அக்காவுக்கு ஆசி சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு போனார்கள். பந்தியில் சாம்பார் வாளி அப்படியே நின்றது.

"ஒருபொழுதுன்னா என்ன பண்றது. நல்ல மனுசன், அதனாலதான் விரதத்தோட வந்தாரு" என்றார் அத்தா, கேட்காதவர்களிடம் எல்லாம்.

நான் கொட்டகைக்குப் பின்னால் இருந்தேன். சமையல்காரர் அம்மாவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "இலை போட்டிருந்தா ரெண்டு வாயாவது தின்னிருப்பாங்களோ என்னமோம்மா. பீங்கானப் பாத்ததும் மொகம் மாறிடுச்சு. கடைக்கு வாங்கறது வேற, தாங்க திங்கறதுன்னா அது உங்க ஆளுங்க பாத்திரம்னு அவங்களுக்கு. நான் அந்த ஓட்டல்ல கொஞ்ச நாள் இருந்தவன். பாத்ரூம் செவுத்துல ஆணி அடிச்சி பாய் கப்பு, பாய் கப்புன்னு தனியா மாட்டி வச்சிருப்பாங்க. அத வெளக்கறதுக்குத் தேங்கா நாருகூட வேற. பாய்க்கு இது தெரியாதுங்களா?"

அம்மா சாம்பார் வாளியை மூடி வைத்தாள். பிறகு, "எனக்குத் தெரியும்ணா. அவருகிட்ட மட்டும் நீங்க சொல்லிப்புடாதீங்க. அவரு தாங்க மாட்டாரு" என்றாள்.

அப்படியே உள்ளே போய், பரிமாறாத சைவச் சாப்பாட்டை எடுத்துத் தெருப் பிள்ளைகளுக்கு இலை கிழித்துப் போட்டாள். தட்டுகளை மறுபடி வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். பொண்ணு கல்யாணத்தில் தாய் அழுவது சகஜம் என்பதால் அவள் அழுததை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அடுத்த ஜும்மாவுக்கும் அத்தா என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். சமையல்காரர் சொன்னபடியே இருந்தது. கக்கூஸ் சுவர், ஆணிகள், காதில் சணல் கயிற்றோடு தொங்குகிற ரோஜாப்பூக் கப்புகள். கீழே ஒரு கல்லின் மேல் அவற்றுக்கென்று தேங்காய் நார். ஒட்டின காது கப்புக்குக்கூடப் புதுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஈ மொய்த்தது. திரும்பி வந்தபோது மேசையில் எனக்கான கப்பில் ஆவி பறந்தது. கப்பைத் தள்ளி வைத்தேன். வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். அத்தா என் கப்பையும் சேர்த்துக் குடித்தார்.

திரும்பும்போது சைக்கிளில் அவரைக் கேட்டேன். "அத்தா, நம்ம கப்ப ஏன் பாத்ரூம் பக்கம் மாட்டி வச்சிருக்காங்க?"

அவர் மிதித்துக்கொண்டே இருந்தார். ஒரு லாரி கடந்து போனது. அந்தப் புழுதி அடங்கியதும், "பீங்கான் இல்ல? டம்ளரோட போட்டா ஒடைஞ்சிபோவும். அதான் தனியா வச்சிருக்காங்க. யாவாரம் தெரிஞ்சவனுக்குத்தான் அது புரியும்" என்றார்.

என் முகம் ரோட்டைப் பார்த்து இருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இப்போதும் சில நாள் அதையே மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் குடித்தார் என்றால் என் அத்தா ஏமாளி. தெரிந்தே குடித்தார் என்றால் அதைவிடக் கொடுமை. இரண்டில் எதை எடுத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

கடைசிவரை அவர் அந்தக் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். நான் அப்புறம் போகவில்லை. கல்யாணத் தட்டுப் பெட்டியை அம்மா பரணில் ஏற்றினாள். ஒரு தட்டைக்கூட விற்க அத்தா சம்மதிக்கவில்லை. பிற்பாடு ரோட்டை அகலப்படுத்தியபோது எங்கள் முன்பக்கமும் போயிற்று, ஓட்டல் மாமாவின் கடையும் போயிற்று. வீட்டை இடித்த அன்று பெட்டி என்ன ஆனதென்று தெரியவில்லை. அதற்குள் அத்தாவும் இல்லை, அம்மாவும் இல்லை, தேடுவதற்கு யாருக்கும் மனசும் இல்லை.

சரி, காபிக் கடைக் கதைக்கு வருகிறேன். காபி வந்ததும் என் கண் தானாக மற்ற மேசைகளைச் சுற்றியது. எல்லோரிடமும் ஒரே மாதிரி வெள்ளைக் கப்பு. எனக்கும் அதேதான். இருந்தாலும் பார்த்தேன். முட்டி வலியோடு எழுந்து கை கழுவப் போய், அங்கே சுவரையும் பார்த்தேன். டைல்ஸ் சுவர், ஆணி எதுவும் இல்லை.

கல்லாவில் இருந்தது ஓட்டல் மாமாவின் பேரன். அதே வாய் நிறையச் சிரிப்பு. "தம்பி, இந்தக் கப்பெல்லாம் யாரு குடுத்ததுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தாத்தாவோட கலெக்‌ஷன் ஆன்ட்டி."

"எங்க அத்தா குடுத்தது. அதோ அந்தக் காது ஒட்டினதும் அவருதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஆணி, சணல், தேங்காய் நார், கல்யாணக் கொட்டகை, ஒன்றும் விடவில்லை. மகள் என் கையைப் பிடித்து அமுக்கினாள். பையன் முகம் வாடிவிட்டது. நல்ல பையன்தான், பொய் சொல்லக் கூடாது. "ஸாரி ஆன்ட்டி. எங்க வீட்ல யாரும் இதச் சொன்னதே இல்ல. இந்த அட்டைய நான் மாத்திடறேன்" என்றான். காபிக்குக் காசும் வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே வரும்போது எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஆட்டோவில் மகளிடம் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து மகள் போனை நீட்டினாள். "பாரும்மா, மாத்திட்டான்." அதே கண்ணாடி அலமாரி, அதே விளக்கு. கப்புகளுக்குக் கீழே புது அட்டை: 'எங்கள் தாத்தாவின் இஸ்லாமிய நண்பர் அன்போடு அளித்த கோப்பைகள். அவர் வரும்போதெல்லாம் தாத்தா அவருக்கு இதில்தான் காபி தருவார். மத நல்லிணக்கத்தின் அடையாளம்.' போனில் படத்துக்கு அடியில் யார் யாரோ போட்ட சிவப்பு இதயங்கள். என் மகள் போட்டதும் அதில் ஒன்று.

"பொய் ஒண்ணும் இல்லையேம்மா" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

பொய் இல்லைதான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அத்தா இருந்திருந்தால் அந்த அட்டைக்கு முன்னால் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். ஜமாத்தில் சிரித்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அம்மா என்றால் அந்தக் கடை வாசலில் ஆட்டோவை விட்டே இறங்கியிருக்க மாட்டாள்.